ஆளை மாத்தினால் காணுமோ?

கம்பனி நட்டத்தில் போகிறது. பங்கு விலை மாதாமாதம் இறங்குகிறது. மேலே இருக்கிறவரின் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பங்கு வாங்கி வைத்திருந்தவர்கள் கொதிக்கிறார்கள். "இந்தாளைத் துரத்தினால் எல்லாம் சரிவரும்" என்கிறார்கள்.

கோபம் நியாயமானது. ஆனால் மருந்து பிழை என்பது எங்கள் வாதம். அதைச் சொல்ல, எண்ணெய் எடுக்கிற ஒரு கம்பனியின் கதையை எடுத்திருக்கிறோம். அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் இருந்த சாண்ட்ரிட்ஜ் எனர்ஜி. எக்ஸான் போன்ற இராட்சதக் கம்பனிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் மிகச் சின்னது. அதன் பங்குதாரர்கள் நிர்வாகத்தோடு இரண்டு தரம் சண்டை பிடித்து, இரண்டு தரமும் வென்றார்கள். இரண்டு தரமும் அவர்களுடைய காசு கரைந்தது.

ஏன் இது எங்களுக்கு? இரண்டு காரணம். ஒன்று, எங்கட வயசுப் பெடியள், பெட்டையள் கனபேர் இப்ப தொலைபேசியிலேயே பங்குக் கணக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. பங்கு என்ற சொல்லையே கேட்டிராத எங்கள் அம்மாமாரும் அண்ணாமாரும்கூட, அவர்களுக்கே தெரியாமல், பங்குதாரர்களாக இருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருவோம்.

26 டொலரில் ஏறினவர்கள்

ரொம் வார்ட் எண்ணெய் உலகில் பெரிய பெயர். 1989இல் ஓப்ரி மெக்லென்டனோடு சேர்ந்து செசப்பீக் எனர்ஜியைத் தொடங்கியவர். 2006இல் அங்கிருந்து விலகி, டெக்சஸில் இருந்த றியாட்டா எனர்ஜி என்ற கம்பனியைக் கையிலெடுத்து, சாண்ட்ரிட்ஜ் என்று பெயர் மாற்றி ஒக்லஹோமாவுக்குக் கொண்டுவந்தார். 2007 நவம்பரில் ஒரு பங்கு 26 டொலர் என்று பொதுமக்களுக்கு விற்றார்கள். 2008 நடுப்பகுதியில் அது 60 டொலரைத் தாண்டியது. "வார்ட் தொட்டால் பொன்" என்று நம்பிக் காசு போட்டவர்கள் ஏராளம்.

2012 முடிவில் அதே பங்கு ஆறு டொலர் அளவில் கிடந்தது. எரிவாயு விலை விழுந்தது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. கம்பனி ஒரு வயலை வாங்கும், விற்கும், கடன் எடுக்கும், திரும்பவும் வாங்கும். இன்றைக்கு எரிவாயு, நாளைக்கு எண்ணெய், அடுத்த நாள் மெக்சிக்கோ வளைகுடா. கம்பனி தோண்டும் கிணறுகளில் தலைவர் தன் சொந்தக் காசையும் போட்டுப் பங்கு எடுக்கலாம் என்றொரு ஏற்பாடு இருந்தது. 2008 ஒக்டோபரில், சந்தை நொருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கிணற்றுப் பங்குகளைக் கம்பனியே சுமார் 67 மில்லியன் டொலருக்கு அவரிடமிருந்து திருப்பி வாங்கியது. சாதாரண பங்குதாரரின் பங்கை அந்த நேரத்தில் திருப்பி வாங்க ஆர் இருந்தது?

முதலாவது வெற்றி

2012 நவம்பரில் ரீபீஜி-அக்ஸன் என்ற முதலீட்டு நிதியம் பணிப்பாளர் சபைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. செலவு கட்டுமீறிப் போகிறது, தலைவருக்குக் கொடுக்கும் கொடுப்பனவு அளவுக்கு மிஞ்சியது, சபை அவருடைய ஆட்களால் நிறைந்திருக்கிறது, அவருடைய குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு நிறுவனம் கம்பனியின் வயல்களுக்குப் பக்கத்திலேயே நில உரிமைகள் வாங்கியிருக்கிறது என்பவை குற்றச்சாட்டுகள். கம்பனி மறுத்தது.

சபை தன்னைக் காப்பாற்ற எடுத்த ஆயுதத்தைப் பார்க்க வேண்டும். கம்பனியின் கடன் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. இருக்கிற சபையின் ஒப்புதல் இல்லாமல் சபையின் பெரும்பான்மை மாறினால், 4.3 பில்லியன் டொலர் கடனைக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து அசலுக்கு மேல் 1 வீதம் கூட்டித் திருப்பி வாங்கவேண்டி வரும். இதைக் காட்டிச் சபை பங்குதாரர்களை வெருட்டியது. "எங்களை அனுப்பினால் கம்பனி கவிழும்." அதாவது, கம்பனியின் கழுத்தில் கயிற்றைக் கட்டி அதன் மறுநுனியைத் தங்கள் கதிரைக் காலில் கட்டி வைத்திருந்தார்கள். புதிய வேட்பாளர்களுக்கு ஒப்புதல் கொடுத்தால் அந்தக் கயிறு அவிழும். அதைக் கொடுக்கத்தான் சபை மறுத்தது.

ஒரு பங்குதாரர் டெலவெயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2013 மார்ச்சில் நீதிபதி லியோ ஸ்ட்ரைன் சபையின் பக்கம் நிற்கவில்லை. புதிய வேட்பாளர்களால் கம்பனிக்கோ கடன் கொடுத்தவர்களுக்கோ உண்மையான ஆபத்து இருப்பதாகக் காட்ட முடியாவிட்டால் ஒப்புதலை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சில நாட்களில் சபை இறங்கி வந்தது. ரீபீஜி-அக்ஸனின் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஜூனில் வார்ட் வெளியே போனார்.

எப்படிப் போனார்? குற்றம் சாட்டப்பட்ட விடயங்களைச் சபை விசாரித்தது. தண்டனையாக நீக்கும் அளவுக்குக் காரணம் இல்லை என்று முடிவெடுத்தது. ஒப்பந்தத்தின்படி, காரணமின்றி நீக்கினால் நட்டஈடு கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 90 மில்லியன் டொலர். 26 டொலருக்கு வாங்கி ஐந்து டொலரில் நின்ற பங்குதாரர்கள்தான் அதையும் கட்டினார்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் ஆளைத் திட்டுவார்கள். நாங்கள் ஒப்பந்தத்தைத் திட்டுகிறோம். அந்தத் தொகை வார்ட் களவாக எடுத்த காசில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, சபை ஒத்துக்கொண்ட காசு. கையெழுத்துப் போட்ட நாளில் பங்குதாரர்களின் கோபம் எங்கே இருந்தது? பங்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஒருத்தரும் ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. விலை விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் கண் தெரிந்தது.

இரண்டாவது வெற்றி

புதிய தலைவர் ஜேம்ஸ் பெனெட், பழைய நிர்வாகத்தில் நிதிப் பொறுப்பாளராக இருந்தவர். கடன் அப்படியே இருந்தது. 2014 நடுவில் 100 டொலருக்கு மேல் நின்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டொலருக்குக் கீழே போனது. 2016 மேயில் கம்பனி வங்குரோத்துக்கு மனுப் போட்டது. ஒக்டோபரில் வெளியே வந்தபோது பெரும்பாலான கடன் நீங்கியிருந்தது. பழைய பங்குகள் இரத்துச் செய்யப்பட்டன. கடன் கொடுத்தவர்கள் புதிய உரிமையாளர்கள் ஆனார்கள். 2013இல் சண்டை பிடித்து வென்ற பங்கு பிறகு வெறும் கடதாசி. பெனெட்டின் பதவி அப்படியே இருந்தது.

2017 நவம்பரில் அதே நிர்வாகம் பொனான்சா கிரீக் என்ற கம்பனியை 746 மில்லியன் டொலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. கடனில் மூழ்கி எழும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது! பெரிய முதலீட்டாளர் கார்ல் ஐகான் 13.5 வீதப் பங்கோடு எதிர்த்தார். சபை உடனே ஒரு தற்காப்பு விதியைக் கொண்டுவந்தது. ஒருவரோ, சேர்ந்து இயங்கும் ஒரு குழுவோ 10 வீதத்தைத் தாண்டினால் மற்றவர்களுக்கு மலிவு விலையில் பங்கு கொடுத்து அவர்களின் பலத்தைக் குறைக்கிற விதி. "பங்குதாரர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதையே இது தடுக்கிறது" என்பது ஐகானின் முறைப்பாடு. டிசம்பர் கடைசியில் கொள்வனவு கைவிடப்பட்டது. 2018 பெப்ரவரியில் பெனெட் போனார். ஜூன் பொதுக்கூட்டத்தில் ஐகானின் ஆட்கள் சபையில் பெரும்பான்மை எடுத்தார்கள்.

மகத்தான வெற்றி, என்ன? பிறகு நடந்தது இதுதான். கம்பனியை விற்கப் பார்த்தார்கள். திருப்தியான விலைக்கு ஆள் வரவில்லை. 2020 வசந்தத்தில், கொரோனாவும் எண்ணெய் விலை வீழ்ச்சியும் சேர்ந்தபோது, பங்கு ஒரு டொலர் அளவுக்கு இறங்கியது. ஒக்லஹோமா நகர மத்தியில் இருந்த தலைமையகக் கட்டடத்தையும் விற்றார்கள்.

வார்ட்? அவர் புதிதாக மாக் என்ற எண்ணெய்க் கம்பனியைக் கட்டி, 2023 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆள் மாறுகிறார், திரும்பவும் வருகிறார். நட்டத்தின் விலாசம் மட்டும் மாறுவதில்லை.

நிலம் ஆடினவர்களுக்கு வாக்கு இல்லை

இந்தச் சண்டையைப் பற்றி எழுதப்பட்ட வணிகச் செய்திகளில் பெரும்பாலும் வராத ஆட்கள் இருக்கிறார்கள். சாண்ட்ரிட்ஜ் நம்பியிருந்த மிசிசிப்பியன் லைம் என்ற பாறைப்படுகையில் எண்ணெயோடு உப்புத்தண்ணியும் வரும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பீப்பாய் தண்ணி. அதை வேறு ஆழ்கிணறுகள் வழியாக நிலத்துக்குள்ளேயே திருப்பி அழுத்தினார்கள். சாண்ட்ரிட்ஜ் மட்டுமல்ல, அந்தப் பிராந்தியத்தில் எண்ணெய் எடுத்த கம்பனிகள் எல்லாம் செய்த வேலை. முன்பு ரிக்டர் 3ஐத் தாண்டும் நிலநடுக்கம் வருடத்துக்கு ஒன்றிரண்டு என்றிருந்த ஒக்லஹோமாவில் 2015இல் மட்டும் 800க்கு மேல் பதிவானது. 2016 செப்டெம்பரில் பௌனி ஊருக்குப் பக்கத்தில் 5.8 அளவில் வந்தது அந்த மாநிலத்தில் பதிவான மிகப் பெரியது.

2015 டிசம்பரில் மாநில ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, சில தண்ணிக் கிணறுகளை மூடச் சொன்னபோது சாண்ட்ரிட்ஜ் முதலில் மறுத்தது. அடுத்த மாதம் இணக்கத்துக்கு வந்தது. மூடினால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் கடன் கட்ட முடியாது. அதுதான் அதன் நிலை.

இப்ப கேட்கிறோம். 2013லும் 2018லும் நடந்த இரண்டு பெரிய சண்டைகளில், சுவர் வெடித்த வீட்டுக்காரருக்கு எத்தனை வாக்கு? வேலைநீக்கம் செய்யப்பட்ட கிணற்றுத் தொழிலாளிக்கு எத்தனை? பூச்சியம். "பங்குதாரர் ஜனநாயகம்" என்று அழகாகச் சொல்கிறார்கள். ஒரு டொலருக்கு ஒரு வாக்கு என்கிற தேர்தலுக்கு எங்கட ஊரில் வேற பேர். அந்தத் தேர்தலில் வென்ற ஐகானும் ரீபீஜி-அக்ஸனும் மக்களின் பக்கம் நின்ற வீரர்கள் இல்லை. விலை ஏற வேண்டும் என்று வந்தவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் பல சரியானவை. ஆனால் எல்லாமே "எங்கட காசு எங்க?" என்ற ஒரே கேள்வியில் இருந்து வந்தவை.

"பிடிக்காட்டி வித்துப்போட்டுப் போ"

இந்த இடத்தில் ஒரு பதில் வரும். சந்தை தெரிந்தவர்கள் சொல்கிற பதில். பங்கு என்பது கலியாணம் இல்லை, நிர்வாகம் பிடிக்காட்டி வித்துப்போட்டுப் போகலாம், எல்லாரும் வித்தால் விலை விழும், அதுவே தண்டனை என்பார்கள்.

இது ஓரளவுக்கு உண்மை. ஆனால் விலை விழுந்து தண்டிக்கப்படுவது ஆர்? முதலில் வெளியேறத் தெரிந்தவர் தப்புவார். கடைசியாகக் கேள்விப்படுகிறவர் அகப்படுவார். 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய கொழும்புச் சுட்டி அதே வருட நடுவில் 8,000க்குக் கீழே நின்றபோது அகப்பட்டவர்கள் பெரிய வீட்டுக்காரர் இல்லை. ஏறின பிறகு உள்ளே வந்த எங்கட சிநேகிதர்கள்.

இலங்கையில் நிலைமை இன்னும் இறுக்கம். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி வாக்குரிமையில் 10 வீதம் வைத்திருப்பவர்கள் எழுத்தில் கேட்டால் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். சாதாரண தீர்மானத்தால் ஒரு பணிப்பாளரை நீக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கொழும்புப் பட்டியலில் உள்ள பல கம்பனிகளில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒரே தாய்க் கம்பனியின் அல்லது ஒரே குடும்பத்தின் கையில். சாண்ட்ரிட்ஜில் நடந்ததுபோல வாக்கெடுப்பில் வெல்வது அங்கே கணக்கிலேயே சாத்தியமில்லை. போதாததற்கு வாக்குரிமை இல்லாத பங்கு என்று இன்னொரு வகையும் விற்கிறார்கள். விலை கொஞ்சம் மலிவு. நட்டத்தில் பங்குண்டு, வாயில் பங்கில்லை.

அதையும் விடுவோம். விற்று வெளியேறவே முடியாத ஒரு பங்குதாரர் இருக்கிறார். அது நாங்கள்.

எங்கட எட்டு வீதம்

தனியார் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதம் 8 வீதம் வெட்டுப்படுகிறது. முதலாளி 12 வீதம் போடுகிறார். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியம். ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிறவர், சுப்பர் மார்க்கெட்டில் காசாளராக இருக்கிறவர், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர் எல்லாரும் உறுப்பினர். காசை முதலீடு செய்வது மத்திய வங்கி. பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரிப் பிணையங்களில், ஒரு சிறு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில்.

எரிவாயு விற்கும் லாஃப்ஸ் காஸின் பங்குதாரர்களில் ஒருவராகவும் இந்த நிதியம் இருந்து வந்திருக்கிறது. 2022இல் காஸ் இல்லாமல், வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்ற ஒரு ஊழியர், அந்தச் சிலிண்டரை விற்கும் கம்பனியின் ஒரு துளிக்கு உரிமையாளரும்தான். அது அவருக்குத் தெரியாது. அந்தக் கம்பனியின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவருடைய காசின் பெயரால் ஆர் என்ன கேட்டார், எந்தப் பணிப்பாளருக்குக் கை உயர்த்தினார் என்பதும் தெரியாது. அவருக்கு வரும் கணக்குக்கூற்றில் மீதி இருக்கும், வட்டி இருக்கும். வாக்கு இராது.

"அதெல்லாம் நிபுணர்கள் பார்ப்பினம், உங்களுக்கேன்?" என்று சொல்பவர்களுக்கு இரண்டு விடயங்களை ஞாபகப்படுத்துகிறோம். ஒன்று, திறைசேரிப் பிணைமுறி மோசடி. அதில் இந்த நிதியம் எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதை ஜனாதிபதி ஆணைக்குழுவே விசாரித்து அறிக்கையாகக் கொடுத்தது. இரண்டாவது, 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கிகளின் பிணைமுறிகளில் கைவைக்கவில்லை. சேமலாப நிதியங்களிடம்தான் போனார்கள். பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 வீதமும் அதற்குப் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளை எடு. எடுக்காவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும். நிதியம் எடுத்தது. உறுப்பினரை ஆரும் கேட்கவில்லை. சாண்ட்ரிட்ஜ் பங்குதாரருக்காவது வழக்குப் போட ஒரு நீதிமன்றமும், வாக்குப் போட ஒரு கூட்டமும் இருந்தது.

என்ன கேட்கிறோம்

சாண்ட்ரிட்ஜில் இருந்து நாங்கள் எடுக்கிற பாடம் சின்னது. தலைவர் போன பிறகும் அவரைத் தலைவராக்கிய ஒப்பந்தம், கடன், கேள்வி கேட்காத சபை எல்லாம் அங்கேயே இருக்கும். கோபம் ஆளோடு முடிந்தால் அடுத்த ஆள் அதே கதிரையில் அதே மாதிரி இருப்பார். அதனால் ஆளைக் கேட்காமல் விதியைக் கேட்கிறோம்.

ஊழியர் சேமலாப நிதியம் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பனியின் பொதுக்கூட்டத்திலும் எப்படி வாக்களித்தது, ஏன் அப்படி வாக்களித்தது என்பதை வருடாவருடம் மூன்று மொழிகளிலும் உறுப்பினருக்குத் தர வேண்டும். கணக்குக்கூற்றோடு ஒரு தாள் கூடினால் நாடு கவிழாது.

முதலீட்டு முடிவெடுக்கும் மேசையில் உறுப்பினர்கள் தெரிவுசெய்த ஆட்கள் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைச் சம்பளப் பிரச்சினைக்கு அடுத்ததாக வைக்காமல் சம்பளப் பிரச்சினையாகவே எடுக்க வேண்டும். ஏனென்றால் இது சம்பளம்தான். பிந்திக் கிடைக்கிற சம்பளம்.

கம்பனித் தலைவர்களின் ஒப்பந்தத்தில், பதவி விலக்கினால் என்ன கொடுக்க வேண்டும் என்பது கையெழுத்துக்கு முன்பே பங்குதாரர் வாக்குக்கு வர வேண்டும். அந்த வாக்கு சபையைக் கட்டுப்படுத்த வேண்டும். அமெரிக்காவில் 2011 முதல் தலைவர்களின் சம்பளம் பற்றி வாக்கெடுப்பு வைக்கிறார்கள். ஆனால் அது வெறும் ஆலோசனை. "வேண்டாம்" என்று சொன்னாலும் கொடுக்கலாம். அந்த மாதிரி நாடகம் எங்களுக்கு வேண்டாம்.

தொலைபேசியில் பங்கு வாங்குகிற சிநேகிதர்களுக்கும் ஒரு வார்த்தை. விலைக்கோடு மட்டும் பார்க்காதேங்கோ. ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினரோடு நடந்த கொடுக்கல் வாங்கல்கள் என்றொரு குறிப்பு இருக்கும். பெரிய இருபது பங்குதாரர் பட்டியல் இருக்கும். பணிப்பாளர்களின் ஊதியம் இருக்கும். விலை ஏறிக்கொண்டு இருக்கேக்கையே அதை வாசியுங்கோ. கம்பனி நல்லாப் போகிறபோது கேட்கிற கேள்விக்குத்தான் பெறுமதி கூட. பங்கு கடதாசியான பிறகு கேட்கிற கேள்விக்கு 90 மில்லியன் டொலர் செலவாகும், பதிலும் வராது.

காசு எங்கடது. அதின்ர வாயும் எங்கடதாக இருக்க வேணும்.